ராக்கெட்டும் ராம்ஜெட்டும் சேர்ந்த எஞ்சினில் உந்துவிசை, இழுவை இரண்டையும் எப்படிக் கணக்கிடுவது?

முதல் வேலை, எந்த விசை எந்தக் கணக்கில் சேரும் என்று கோடு போடுவது. பலர் சறுக்குவது இங்கேதான். ராம்ஜெட் (பறக்கும் வேகத்தாலேயே காற்றை அழுத்தி எரிக்கும் எஞ்சின்) காற்றை உள்ளிழுக்கும்போதே 'ராம் டிராக்', அதாவது உள்ளே வரும் காற்றால் எழும் இழுவை, வந்துவிடும்: நிறைப்பாய்வு (விநாடிக்கு உள்ளே வரும் காற்றின் நிறை) × பறக்கும் வேகம். நிகர உந்துவிசையில் அதைக் கழித்துவிட்டு, விமான இழுவையிலும் சேர்த்தால் இரட்டைக் கணக்கு.

மாக் 6 (ஒலியைப் போல 6 மடங்கு வேகம்), இயக்க அழுத்தம் (½ × காற்றடர்த்தி × வேகத்தின் வர்க்கம்) 50 கிலோபாஸ்கல் என்று வையுங்கள். உயரம் சுமார் 26.5 கி.மீ., வேகம் விநாடிக்கு 1,800 மீட்டர். 1 சதுர மீட்டர் வாய் கொண்ட காற்றுக்குழாய் விநாடிக்கு 56 கிலோ காற்றைப் பிடிக்கும். ராம் டிராக் 100 கிலோநியூட்டன். மொத்த உந்துவிசை 125 என்றால் நிகரம் வெறும் 25. நாசில் (புகை வெளியேறும் பின்குழாய்) திறனில் 5% பிசகினால் 6 கிலோநியூட்டன் போச்சு, அதாவது நிகரத்தில் கால்வாசி! வெளி இழுவை 15 என்றால் மிச்சமிருந்த 10, நாலாகிவிடும். (ராக்கெட்டில் இந்தத் தலைவலியே கிடையாது.)

வடிவமைப்பு மாக் எண்ணுக்குக் கீழே காற்றின் ஒரு பகுதி வெளியே வழியும். அந்த வழிவு இழுவையைத் தனியே சேர்க்க வேண்டும். மாக் 1 அருகே அகன்ற நாசில் நிரம்பாமல் பின்புற அழுத்தம் விழும். அங்கே கணக்கீட்டு மாதிரி பெரும்பாலும் உண்மையைவிட நல்லதாகவே காட்டும்.

ராக்கெட் முறைக்கு மாறும்போது காற்றுக்குழாய் மூடினால் ராம் டிராக் பூஜ்யம். ஆனால் மூடிய முகப்பின் இழுவை புதிதாக வரும். அதனால் ஒவ்வொரு முறைக்கும் தனி இழுவை அட்டவணை வையுங்கள்.