ஒதுக்கியது எவ்வளவு என்று கேட்காதீர்கள்

வணக்கம் ஐயா. நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம் தொடங்கியதுமே கூச்சல், பதாகை, ஒத்திவைப்பு. ஒரு நிமிடத்துக்கு இரண்டரை லட்சம் செலவாம். மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேட்கக்கூட வழியில்லை. அவை முடங்கும் நாளில் எம்.பி.க்களின் சம்பளத்தைப் பிடித்தால் என்ன?
ர., பாலக்கோடு

அன்புள்ள ர.,

சம்பளத்தைப் பிடித்தால் கூச்சல் நிற்காது. அந்த இரண்டரை லட்சக் கணக்கு வாட்ஸப்பில் சுற்றியே கிழடாகிவிட்டது, விடுங்கள்.

உங்கள் ஆத்திரம் புரிகிறது. 1941 வரை அந்த வழியில் சின்ன ரயில் ஓடியது. அது நின்றபின் எத்தனை பேர் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள்! ஆனால் அவை முடங்கினால் பதிலே வராது என்கிறீர்களே, அது சோம்பேறித்தனம். மக்களவையில் ஒரு நாளுக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்விகள் 20, எழுத்துப் பதில் மட்டும் பெறும் நட்சத்திரமிடாத கேள்விகள் 230. நல்ல நாளிலேயே ஐந்தாறு நட்சத்திரக் கேள்விகள்தான் வாய்மொழிக்கு எட்டும். மீதிக்கெல்லாம் எழுத்துப் பதில். ஒத்திவைத்தாலும் அது வந்துவிடும், இணையத்திலும் ஏறிவிடும். என்றைக்காவது திறந்து படித்தீர்களா?

பறிபோவது துணைக் கேள்வி, அதாவது வாய்மொழிப் பதிலைக் கேட்டதும் அதன்மேல் தொடுக்கும் கேள்வி. அதிகாரி எழுதித் தந்த தாளைத் தாண்டி அமைச்சர் வாய் திறக்க வேண்டிய இடம் அது. எல்.ஐ.சி. பணத்தைத் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளில் போட்ட விவகாரம் 1957இல் அவையில் கேள்வியாகக் கிளம்பி, 1958இல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் ராஜினாமாவில் முடிந்தது.

சரி, எம்.பி. வழியாகக் கேட்க வேண்டிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். "எவ்வளவு ஒதுக்கினார்கள்?" அமைச்சகத்துக்கு இதைவிட வசதியான கேள்வி கிடையாது. பிப்ரவரியில் பட்ஜெட்டில் போட்ட தொகையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆண்டு முடியுமுன் போடும் திருத்திய மதிப்பீட்டில் அதைச் சத்தமில்லாமல் வெட்டியிருக்கலாம். வெட்டாவிட்டாலும் செலவாகாமல் கிடந்திருக்கலாம். உங்கள் ஊர்த் தக்காளி மண்டியில் ஏலம் போன விலையும் கைக்கு வந்த காசும் ஒன்றா? திட்டத்துக்கு அனுமதித்த மொத்த மதிப்பீடு, பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மையில் செலவானது என்று நான்கையும் தனித்தனியாக, ஆண்டுவாரியாகக் கேட்க வேண்டும்.

"தமிழ்நாட்டில்" என்று தொடங்கவே கூடாது. ரயில்வே திட்டங்கள் மாநில வாரியாக அல்ல, மண்டல வாரியாகவே அனுமதிக்கப்படுகின்றன என்று ஒரு அச்சு வாக்கியம் வைத்திருக்கிறார்கள். இந்தப் பாதையிலோ மொரப்பூர் தெற்கு ரயில்வே, தருமபுரி தென்மேற்கு ரயில்வே. பாதையின் பெயரைச் சொல்லி, வேலையைச் செய்வது எந்த மண்டலம் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

நிலத்தை மறந்துவிடாதீர்கள். மாநிலம் நிலம் தரவில்லை என்பார்கள் ரயில்வேக்காரர்கள். மாநில அதிகாரிகளைக் கேட்டால் ரயில்வே பணம் கட்டவில்லை என்பார்கள். மொத்தம் எத்தனை ஹெக்டேர், கைக்கு வந்தது எத்தனை, இழப்பீட்டுக்கு எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார்கள்: மூன்றும் கேள்வியில் இருந்தால் பந்து யார் பக்கம் என்று தெரிந்துவிடும்.

"ஏன் இந்த அலட்சியம்?" என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். வேண்டாம். வாதம், ஊகம், கிண்டல் இருந்தால் கேள்வியை ஏற்கமாட்டார்கள். 150 சொல்தான் அனுமதி. கோபத்துக்கு அதில் இடமில்லை.

கேள்வியின் பகுதிகளையெல்லாம் சேர்த்து, பதில் "(அ) முதல் (ஈ) வரை" என்று ஒரே பத்தியாக வந்தால், விடுபட்ட தொகை எது என்று தேடுங்கள். "தகவல் திரட்டப்படுகிறது" என்று வந்தால் அது அரசு தந்த உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அதைக் கவனிக்கத் தனிக் குழு இருக்கிறது.

எழுதி எம்.பி. அலுவலகத்தில் கொடுங்கள். நோட்டீசுக்கு முழுதாக 15 நாள் வேண்டும், பிறகு எந்தக் கேள்வியை எடுப்பது என்று குலுக்கல் வேறு. அதனால் கூட்டத்தொடர் தேதி அறிவித்த வாரமே போங்கள். வந்த பதிலில் சரக்கில்லை என்றால் அரை மணி நேர விவாதம் கேட்கலாம், மூன்று நாள் முன்னால் நோட்டீஸ் தர வேண்டும். அதற்கான மக்களவை விதியின் எண் 55. எம்.பி.யின் உதவியாளருக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.