வரைபடத்தில் ஒட்டிய மூன்று நாடுகளும் ஏழு லட்சமும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 61. அரசு உதவி பெறும் பள்ளியில் 34 வருடம் புவியியல் ஆசிரியையாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். பென்ஷன் மாதம் 38,000 ரூபாய். கணவருக்கு வயது 66. தனியார் வேலை பார்த்தவர் என்பதால் பென்ஷன் கிடையாது. அவர் பெயரில் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டு 14 மாதம் ஆகிறது. வங்கி எஃப்.டி.யில் 9 லட்சம் இருக்கிறது. அதில் 4 லட்சம் வரும் பிப்ரவரியில் முதிர்கிறது. மீதி 5 லட்சம் மருத்துவத்துக்கு என்று ஒதுக்கியது. அவருக்கு இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். சேமிப்புக் கணக்கில் 1.2 லட்சம். வீட்டுச் செலவு மாதம் 30,000. சொந்த வீடு, கடன் இல்லை.

கோபன்ஹேகன், ஆஸ்லோ, ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி, தாலின், ரிகா, வில்னியஸ் என்று 14 நாள் குரூப் பஸ் டூர் ஒன்று வரும் மே மாதம் கிளம்புகிறது. தலா 3,95,000 ரூபாய். 24 மாத நோ-காஸ்ட் இ.எம்.ஐ. தருகிறார்கள். மொத்தமாகக் கட்டினால் தலா 15,000 தள்ளுபடி. ஞாயிற்றுக்கிழமைக்குள் தலா 50,000 முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த மறு வருடம், 1991-ல், வகுப்பில் மாட்டியிருந்த சோவியத் வரைபடத்தில் அப்போது பிரிந்து தனி நாடான எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியாவைத் தனித்தனி நிறத் தாளில் வெட்டி ஒட்டியது நான்தான். அவற்றின் தலைநகரங்களான தாலின், ரிகா, வில்னியஸைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மகள் போங்கள் என்கிறாள், மகன் எஃப்.டி.யை உடைக்காதீர்கள் என்கிறான். அதே நிறுவனத்தின் 9 நாள் டூர் பிரசுரத்தையும் இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, அவசியம் போய் வாருங்கள். ஆனால் இந்த மே மாதம் வேண்டாம், இந்த 14 நாள் டூரும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

முதலில் விலை. பிரசுரத்தின் முன்பக்கத்தில் 3,95,000 என்று பெரிதாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், அது 1,65,000 ரூபாயும் 2,300 யூரோவும் சேர்ந்த தொகை என்று இருக்கிறது. யூரோவை 100 ரூபாயாக வைத்து முன்பக்கத்தில் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் கடைசித் தவணை கட்டும் நாளில் யூரோ என்ன விலையோ அதுதான் செல்லும். யூரோ 5 ரூபாய் ஏறினால் உங்கள் இருவருக்கும் சேர்த்து 23,000 கூடும். வெளிநாட்டு டூர் விற்பவர்கள் பலரும் இப்படித்தான் விலை போடுகிறார்கள், தவறில்லை. வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

யூரோ 100-லேயே நிற்பதாக வைத்துக் கணக்குப் போட்டேன். இருவருக்கும் 7,90,000. அதன் மேல் ஜி.எஸ்.டி. 5%, அதாவது 39,500. இரண்டும் சேர்ந்த தொகைக்கு 2% டி.சி.எஸ். (வருமான வரிக்காக விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் தொகை) பிடிப்பார்கள், அது 16,590. விசா, பயணக் காப்பீடு, மதியச் சாப்பாடு, 'விருப்பத் தேர்வு' என்று போட்டிருக்கும் இடங்கள், டிரைவருக்கும் கைடுக்கும் தினப்படி டிப்ஸ் எதுவுமே விலையில் இல்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணத்தோடு இருவருக்கும் 24,000 வையுங்கள். காப்பீட்டுக்கு 10,000, சாப்பாட்டுக்கு 52,000, விருப்பத் தேர்வுக்கு 40,000, டிப்ஸ் 11,000. குளிருக்கு உடை, பெட்டி, விமான நிலையம் போக வர கார் என்று இங்கே ஆகும் செலவு 30,000. எல்லாம் கூட்டினால் 10,13,090. ஏழே முக்கால் சொச்சம் என்று நினைத்தது பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

டி.சி.எஸ். மட்டும் திரும்பி வரும் பணம். 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை 5%, அதற்கு மேல் 20% என்று இருந்தது, 2026 ஏப்ரல் 1 முதல் 2% ஆகிவிட்டது. இந்த விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியது, 2023 அக்டோபரில் ஒரு தடவை மாறியது, அதனால் கட்டும் நாளில் என்ன விகிதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் இருவரின் வருமானத்துக்கும் இப்போது வரி வராது, அதனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் பழக்கமே விட்டுப்போயிருக்கலாம். ரிட்டர்ன் போட்டால்தான் இந்தப் பணம் கைக்கு வரும். அது போக, வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு வருடத்தில் 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தாலே, வரி இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் கட்டாயம். பில்லில் யாருடைய பான் எண் போகிறதோ அவர் பெயரில்தான் டி.சி.எஸ். ஏறும். வருமான வரி இணையதளத்தில் அவருடைய வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரிட்டர்ன் போடுங்கள்.

இ.எம்.ஐ.க்கு வருவோம். 7,90,000-ஐ 24-ஆல் வகுத்தால் மாதம் 32,917. உங்கள் பென்ஷனில் மிஞ்சுவது 5,083 ரூபாய். பேருந்தில் உட்கார்ந்து பார்க்கப்போவது 14 நாள், கட்டப்போவது இரண்டு வருடம். அதோடு இதில் வட்டி இல்லை என்பதும் சரியில்லை. மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் 30,000 தள்ளுபடி இ.எம்.ஐ.யில் கிடையாது, அந்த 30,000-தான் வட்டி. பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. பிராசஸிங் கட்டணம் தனி.

சீனியர் சிட்டிசன் திட்டத்தைத் தொடவே வேண்டாம். அதில் கொஞ்சம் மட்டும் எடுக்க முடியாது, கணக்கையே மூட வேண்டும். ஒரு வருடம் முடிந்து இரண்டு வருடம் ஆகாததால் 1.5%, அதாவது 22,500 பிடிப்பார்கள். அந்த 15 லட்சம் 8.2% வட்டியில் மூன்று மாதத்துக்கு 30,750 தருகிறது. உங்கள் கணவருக்கு நிலையாக வரும் வருமானம் அது ஒன்றுதான். மருத்துவத்துக்கு வைத்த 5 லட்சத்தைப் பற்றி நான் பேசவே போவதில்லை. மகன் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குப் புரிகிறது, அந்தப் பயம் நியாயமானது.

இப்போது வழித்தடத்தைப் பார்ப்போம். நீங்கள் புவியியல் ஆசிரியை, வரைபடத்தை விரித்துக்கொண்டே படியுங்கள். கோபன்ஹேகனிலிருந்து ஆஸ்லோ சாலை வழியாக சுமார் 600 கிலோமீட்டர். ஆஸ்லோவிலிருந்து ஸ்டாக்ஹோம் 500-க்கும் மேல். ஐரோப்பிய விதிப்படி பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும், ஒரு நாளில் வழக்கமாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஆகவே இந்த 14 நாளில் இரண்டு முழுப் பகல்கள் பஸ் ஜன்னலோரத்திலேயே கழியும். நார்வே என்றதும் எல்லோர் மனதிலும் வரும் ஃபியோர்டுகள், அதாவது மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த பள்ளத்தாக்குகள், மேற்குக் கரையில் இருக்கின்றன, இந்த டூர் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஆஸ்லோவில் ஒரே ஒரு ராத்திரி. அங்கே பார்க்கப்போகும் விகெலாண்ட் சிற்பப் பூங்கா அழகானதுதான், உள்ளே போகக் கட்டணமும் இல்லை. ஆனால் அந்த ஒரு பூங்காவுக்காகவும் கோபன்ஹேகன் கடற்கன்னிச் சிலைக்காகவும் மூன்று லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள்.

9 நாள் டூரோ ஸ்டாக்ஹோமில் தொடங்குகிறது. 1628-ல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 1961-ல் தூக்கி எடுக்கப்பட்ட வாசா என்ற போர்க்கப்பலைப் பார்த்துவிட்டு இரவுக் கப்பலில் ஹெல்சிங்கி. அங்கிருந்து தாலினுக்குக் கடலில் இரண்டு மணி நேரம். பிறகு பஸ்ஸில் தாலின் - ரிகா, ரிகா - வில்னியஸ், ஒவ்வொன்றும் சுமார் 300 கிலோமீட்டர். மூன்று நகரங்களின் பழைய நகரப் பகுதிகளும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. 1989 ஆகஸ்ட் 23 அன்று தாலினிலிருந்து ரிகா வழியாக வில்னியஸ் வரை சோவியத்திடம் விடுதலை கேட்டு சுமார் 20 லட்சம் பேர் கைகோத்து நின்றார்கள். இரண்டு வருடம் கழித்து நீங்கள் தாளை வெட்டி ஒட்டினீர்கள். அவர்கள் கைகோத்து நின்ற அந்த மூன்று ஊர்களுக்கும்தான் இந்தப் பஸ் போகிறது. உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்டதும் இந்த மூன்றைத்தான், ஆஸ்லோவைக் கேட்கவில்லை.

இதன் விலை தலா 2,75,000. மேலே போட்ட அதே முறையில் வரிகள், விசா, சாப்பாடு எல்லாம் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன், 7,01,050 வருகிறது. சாப்பாட்டுக்குக் குறைவாகவே வைத்திருக்கிறேன், பால்டிக் ஊர்களில் விலை ஸ்காண்டிநேவியா அளவுக்குக் கிடையாது.

பணம் இப்படி வரும். பிப்ரவரியில் முதிரும் 4 லட்சத்தை இன்னொரு வருடத்துக்குப் போடுங்கள். பென்ஷனும் சீனியர் சிட்டிசன் வட்டியும் சேர்த்து, வீட்டுச் செலவு போக மாதம் சுமார் 18,000 மிஞ்சுகிறது. அதை இந்த மாதமே ஆர்.டி.யில் போட ஆரம்பியுங்கள். 17 மாதத்தில் 3,06,000 சேரும். வட்டிகளையும் சேர்த்தால் ஏழரை லட்சத்தை ஒட்டி வந்துவிடும். அதற்கடுத்த மே மாதம் கிளம்பலாம். இடையில் விலையோ யூரோவோ இருபது முப்பதாயிரம் ஏறினாலும் தாங்கும். சேமிப்புக் கணக்கில் இருக்கும் 1.2 லட்சம் அப்படியே இருக்கும்.

காப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். டூர்க்காரர்கள் பெரும்பாலும் அந்தக் குறைந்தபட்ச பாலிசியையே எடுத்துக் கொடுப்பார்கள். ஏற்கனவே உள்ள நோய்க்கு அதில் பாதுகாப்பு இருக்காது, அல்லது உயிருக்கு ஆபத்தான கட்டத்துக்கு மட்டும் சிறு தொகை இருக்கும். ஸ்டென்ட் வைத்ததை விண்ணப்பத்தில் எழுதி, அதையும் சேர்த்துக்கொள்ளும் பாலிசியை நீங்களே தனியாக எடுங்கள். கூடுதலாகச் சில ஆயிரங்கள் ஆகும், கணக்கில் மிச்சம் வைத்தது இதற்கும்தான். கிளம்பும் முன் இதய மருத்துவரிடம் எழுத்தில் ஒரு சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

9 நாள் டூரில் இன்னொரு சௌகரியம்: பின்லாந்து, எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா நான்கிலும் யூரோதான். ஸ்வீடனுக்கு மட்டும் குரோனா, அதுவும் கையில் வேண்டியதில்லை. ஸ்டாக்ஹோமில் பல கடைகளில் ரொக்கமே வாங்குவதில்லை, கழிப்பறைக்குக்கூடக் கார்டைத்தான் தட்ட வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒரு தம்பதி அங்கிருந்து வந்ததும் ஒரு ரசீதைக் காட்டினார்கள். இரண்டு காபி, இரண்டு லவங்கப்பட்டை பன், 180 குரோனா. கார்டு மெஷினின் சின்னத் திரையில் 'ரூபாயா, குரோனாவா' என்று கேட்டிருக்கிறது. நம் ஊர்ப் பணம் ஆயிற்றே என்று ரூபாயை அழுத்திவிட்டார்கள். மெஷின்காரர் தன் விருப்பத்துக்கு ஒரு விகிதம் போட்டுக்கொண்டார். நீங்கள் எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள். ஃபாரெக்ஸ் கார்டில் யூரோ ஏற்றிக்கொண்டு போங்கள். சாதாரணக் கிரெடிட் கார்டு என்றால் 3.5% வரை மார்க்-அப் என்ற கூடுதல் கட்டணமும், அந்த மார்க்-அப்புக்கு ஜி.எஸ்.டி.யும் பிடிப்பார்கள்.

முன்பணம் கட்டும் நாள் வரும்போது மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும், ஆள் சேராமல் டூர் ரத்தானால் என்ன, இரவுக் கப்பலில் கேபின் எது. மலிவான கேபினில் ஜன்னல் இருக்காது, மேல் படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டியிருக்கும். உங்கள் கணவருக்கு அது ஒத்துவராது, கீழ்ப் படுக்கை இரண்டும் உள்ள கேபினுக்குக் கூடுதல் எவ்வளவு என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த 4 லட்ச எஃப்.டி. தானாகப் புதுப்பிக்கும் வசதியில் இருக்கிறதா என்று ரசீதைப் பாருங்கள். இருந்தால் பழைய கால அளவுக்கே மறுபடி போய் உட்கார்ந்துவிடும். முதிரும் தேதிக்கு முன்னால் கணவரையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய், ஒரு வருடத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே ஆர்.டி.யையும் தொடங்கிவிட்டு வாருங்கள்.