நஞ்சுக்கொடியை உறைய வைத்தால் மாமாவின் கால்புண் ஆறுமா?

கேள்வி: எனக்கு இப்போது ஏழு மாதம், வெள்ளவத்தையில் இருக்கிறோம். பிரசவத்தின்போது நஞ்சுக்கொடியில் இருந்து ஸ்டெம் செல் பிரித்து உறைய வைத்தால் பிள்ளைக்கும், சீனி வருத்தத்தால் கால்புண் ஆறாமல் இருக்கும் என் மாமாவுக்கும் உதவும் என்று ஒருவர் வீட்டுக்கு வந்து சொன்னார். பெரிய தொகை கேட்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது செய்யலாமா?

பதில்: நகையை அடகு வைக்காதீர்கள், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வந்தவர் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார். தொப்புள்கொடி இரத்தத்தில் இருப்பவை இரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள். 1988இல் பாரிஸில், ஃபான்கோனி என்ற பிறவி இரத்தச்சோகை இருந்த ஒரு சிறுவனுக்கு அவனுடைய தங்கையின் தொப்புள்கொடி இரத்தத்தை ஏற்றிக் காப்பாற்றினார்கள், அங்கிருந்து வளர்ந்து இன்று அது நிரூபணமான சிகிச்சை. நஞ்சுக்கொடியின் சதையிலும் சவ்விலும் இருக்கும் மீசன்கைமல் செல்கள் (எலும்பு, குருத்தெலும்பு போன்ற திசுக்களாக மாறக்கூடியவை) வேறு வகை.

அவற்றைப் பிரிப்பது லேசான வேலை இல்லை. பெரும்பாலும் சிசேரியனில் கிடைத்த நஞ்சுக்கொடியைத்தான் விரும்புவார்கள், கிருமி குறைவு என்பதால். தாய்க்கு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் இல்லை என்று பார்த்து, சில மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், பிள்ளையைச் சுற்றியிருந்த அம்னியன் சவ்வைக் கையால் உரித்து, இரத்தம் போகும்வரை கழுவி, பொடியாக நறுக்கி, திசுவைப் பிரித்துவிடும் கொலாஜினேஸ் போன்ற நொதியில் ஊறவைத்து வடிகட்டி, பிளாஸ்டிக் தட்டில் 37 பாகை செல்சியஸில் வளர்ப்பார்கள்; தட்டில் ஒட்டிக்கொள்பவைதான் வேண்டியவை, மிதப்பவை கழுவிக் கொட்டப்படும். அதோடு முடியாது. நஞ்சுக்கொடியில் தாயின் திசுவும் பிள்ளையின் திசுவும் சேர்ந்தே இருக்கின்றன, அதனால் வளர்ந்திருப்பது யாருடைய செல் என்று மரபணு பார்த்து உறுதி செய்ய வேண்டும், கவனம் தப்பினால் தாயுடையவையே பெருகிவிடும். இதை எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்று வந்தவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

இந்தச் செல்களுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு, எனக்கும் இதில் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் இரத்த ஓட்டம் அடைபட்ட கால்களில் நஞ்சுக்கொடிச் செல்களை ஊசியாக ஏற்றிப் பார்த்த ஒரு பெரிய பரிசோதனையை, பலன் தெரிய வாய்ப்பில்லை என்று நடுவில் எடுத்துப் பார்த்த கணக்கு காட்டியதால் 2020இல் நிறுத்திவிட்டார்கள். உலர்த்திய அம்னியன் சவ்வைப் புண்மேல் போர்த்துவது சீனி வருத்தக் கால்புண்ணுக்கு உதவியிருக்கிறது, சரி, ஆனால் அது பதப்படுத்திய சவ்வு, உறைய வைத்த ஸ்டெம் செல் அல்ல, அதற்கு உங்கள் பிள்ளையுடைய நஞ்சுக்கொடிதான் வேண்டும் என்றும் இல்லை.

மூத்த பிள்ளைக்குத் தலசீமியா மாதிரிப் பிறவி இரத்த நோய் ஏதாவது இருந்தால் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிப்பது பற்றி உங்கள் மகப்பேற்று வைத்தியரோடு கதையுங்கள், அது வேறு நிலைமை. இல்லாவிட்டால், பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது விட முடியுமா என்று கேட்டு வையுங்கள். அந்த இரத்தம் பிள்ளைக்கே போய் இரும்புச்சத்தைக் கூட்டும், செலவும் இல்லை.

அப்புறம் மாமா. அவரை இந்த வாரமே சத்திரசிகிச்சை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பாதத்தில் நாடி துடிக்கிறதா, கிருமி எலும்புவரை போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், புண்மேல் பாரம் விழாத செருப்பும் வேண்டும். விரல் கறுத்தாலோ, நாற்றம் எடுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.