நீலம் என்று வாங்கிய ஹைட்ரேஞ்சியா ரோஸாகப் பூக்கிறது, ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: போன வருஷம் நுவரெலியாவில் வீதியோரம் கன்று விற்கும் ஒருவரிடம் நீலமாகப் பூத்திருந்த ஹைட்ரேஞ்சியாவை 1,500 ரூபாவுக்கு வாங்கினேன். ரோஸ் 800தான், நீலம் "ஸ்பெஷல்" என்றார். ஹட்டனில் எங்கள் வீட்டுச் சீமெந்துச் சுவரோரம் நட்டேன். தேயிலைக்குப் போட்டு மிஞ்சிய டொலமைட் சுண்ணாம்புத் தூளில் இரண்டு கை அள்ளி வீட்டுக்காரர் அதற்கும் போட்டார். இந்த வருஷம் பூத்ததெல்லாம் ரோஸ். போய்க் கேட்டால் "உங்க மண்ணப் பாருங்க அக்கா" என்று சிரிக்கிறார். காசைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: சிரித்தது தப்பு, சொன்னது சரி. அவர் தந்தது நீலக் கன்றுதான், அதை ரோஸாக்கியது உங்கள் வீட்டுக்காரரின் டொலமைட்.

இந்தச் செடி மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சினால்தான் பூ நீலமாகும். மண் அமிலமாக, அதாவது பி.எச். என்ற அமில அளவு (எண் குறைந்தால் அமிலம் கூட) 5.5க்குக் கீழே இருந்தால் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், 6.5ஐத் தாண்டினால் கிடைக்காது, பூ ரோஸாகிவிடும், நடுவில் நின்றால் ஊதாவும் ரோஸும் கலந்து வரும். தேயிலை நன்றாக வரும் மண் அமில மண், அதனால்தான் பழைய பங்களாத் தோட்டங்களில் யாரும் ஒன்றும் போடாமலே நீலமாகப் பூத்துக் கிடக்கிறது. சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பும் டொலமைட்டும் அந்த அமிலத்தைக் குறைத்துவிட்டன.

ஆனால் நிறத்துக்காக 700 ரூபா கூட வாங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. ரோஸ் கன்றும் பெரும்பாலும் அதே இனம்தான். "எங்கே நட்டாலும் நீலம்தான்" என்று சொல்லி விற்றிருந்தால் அது பொய், பில்லும் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடலாம். நீங்கள் எழுதியதில் அப்படி ஒரு வாக்குறுதி இல்லையே. நிறம் மாறாமல் வேண்டுமென்றால் வெள்ளையை வாங்குங்கள், அதை மண் நீலமாக்காது.

இனிமேல் வாங்கும்போது பூவைப் பார்க்காமல் அடியைப் பாருங்கள், தண்டு இரண்டு மூன்று தடிப்பாக இருக்கிறதா, வேர் சட்டிக்குள் சுருண்டு இறுகியிருக்கிறதா என்று. உண்மையில் காசே தேவையில்லை, பக்கத்து வீட்டில் பூக்காத கொப்பு ஒன்று கேட்டு வாங்கி நிழலில் ஈரமண்ணில் குத்தினால் சில வாரங்களில் வேர் விடும்.

இருக்கிற செடியைச் சுவரிலிருந்து தள்ளி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் நடுங்கள். பசளைக் கடையில் அலுமினியம் சல்பேட் கிடைத்தால் தண்ணீரில் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றலாம், கூடினால் வேர் கருகும். நீலம் திரும்ப ஒரு வருஷமாவது ஆகும்.

அப்புறம், தேயிலை மாதிரி இதையும் அடியோடு கவ்வாத்து வெட்டிவிடாதீர்கள், பழைய தண்டில்தான் அடுத்த வருஷப் பூ வரும், வாடிய பூவை மட்டும் கிள்ளினால் போதும். கிள்ளியதை ஆட்டுக்குப் போட வேண்டாம், இலையும் மொட்டும் அதற்கு விஷம்.