காம்பில் வெடிப்பு, எடையில் குறைவு: பவுடர் பால் வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வாரம் ஆகிறது. பிறந்தபோது 2.8 கிலோ. கொஞ்சம் இறங்கி, 14ஆம் நாள் மறுபடி அதே எடைக்கு வந்தாள். சென்ற வாரம் தடுப்பூசிக்குப் போனபோது 3.3 கிலோதான். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன், ஐந்து ஐந்து நிமிடமாகப் பக்கம் மாற்றி. காம்பு வெடித்து உயிர் போகிற வலி. இரவில் ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறாள். பால் பத்தவில்லை, பவுடர் பால் சேர் என்கிறார் அத்தை. சேர்க்கலாமா?

பதில்: பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் மீட்டுவிட்டாள், நல்லது. அதன்பின் நான்கு வாரத்தில் 500 கிராம் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 18 கிராம். முதல் மூன்று மாதத்தில் 20 முதல் 30 கிராம் வரை ஏறுவதை எதிர்பார்க்கிறோம். ஆக, குறைவுதான், ஆனால் கொஞ்சம் குறைவு. அவள் விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக இருந்து, நாளைக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழித்தால், பவுடர் டப்பாவை இன்றே திறக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது காம்பு வெடிப்புதான். குழந்தை சரியாகப் பிடித்துக் குடித்தால் இப்படி வெடிக்காது. காம்பை மட்டும் கவ்விச் சப்பினால் உங்களுக்கு வலிக்கும், அவளுக்குப் பாலும் குறைவாகவே வரும். அவள் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். தலையும் உடம்பும் ஒரே நேராக இருக்க வேண்டும். வாயை அகலமாகத் திறக்கும் வரை காத்திருந்து, மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். காம்போடு கருவட்டத்தின் பெரும்பகுதியும், குறிப்பாகக் கீழ்ப்பக்கம், வாய்க்குள் போக வேண்டும். தாடை மார்பில் பட்டு, கீழுதடு வெளியே மடிந்திருந்தால் சரி. விழுங்கும் சத்தமும் கேட்கும். வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள்: சுத்தமான சுண்டுவிரலை அவள் வாயோரத்தில் விட்டு எடுத்துவிட்டு, மறுபடி வையுங்கள். பிரசவம் பார்த்த மருத்துவமனைச் செவிலியரிடம் ஒருமுறை நேரில் காட்டினால் இன்னும் நல்லது.

அப்புறம், ஐந்து நிமிடக் கணக்கை விட்டுவிடுங்கள். குடிக்கக் குடிக்கத்தான் பாலில் கொழுப்பு கூடும். அந்தப் பால் வருவதற்குள் பக்கம் மாற்றிவிட்டால் வயிறு நிறைந்தாலும் எடை ஏறாது. ஒரு பக்கத்தை அவளாக விடும் வரை குடிக்கட்டும், பிறகு மறுபக்கம். பாதியில் தூங்கினால் பாதத்தைத் தடவுங்கள், மார்பை மெல்ல அழுத்திக் கொடுங்கள்.

இரவில் ஆறு மணி நேரம் இப்போதைக்கு அதிகம். மூன்று மணி நேரத்துக்கொருமுறை எழுப்பிக் கொடுங்கள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை குடிக்க வேண்டும்.

பூண்டு, பால்சுறா எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள், தவறில்லை. ஆனால் மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். பவுடர் பாலால் வயிற்றை நிரப்பினால் அவள் மார்பில் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும். அத்தை பேத்தி மேலுள்ள அக்கறையில் சொல்கிறார். இந்தக் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார். கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தால், பால் கொடுத்தபின் மிச்சத்தைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் (குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு போன்ற சிறு கிண்ணம்) புகட்டுங்கள். கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து, அதே தராசில், துணியில்லாமல் எடை பாருங்கள். சுமார் 150 கிராமாவது கூடியிருக்க வேண்டும். கூடாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். நாக்கு ஒட்டியிருக்கிறதா, சிறுநீரில் கிருமி இருக்கிறதா, பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் பார்த்துவிட்டுப் பவுடர் பால் தேவை என்றால் தயங்காமல் கொடுங்கள், அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை.

100.4 டிகிரி காய்ச்சல், எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, வேகமான மூச்சு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.