ஓபன்ஸ்ட்ரீட்மேப் கோப்பை முழுதாக இறக்காமல் புதுப்பிப்பது எப்படி?

எல்லோரும் சேர்ந்து வரையும் இலவச உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் உலகக் கோப்பு முழுவதையும் வாராவாரம் மறுபடி இறக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். ஆஸ்ம்அப்டேட் (osmupdate) என்ற கட்டளைக் கருவிக்குப் பழைய கோப்பின் பெயரையும் புதியதற்கு வேறொரு பெயரையும் கொடுத்தால் போதும். பழையதில் பதிந்திருக்கும் நேரத்தைப் பார்த்து, அதற்கப்புறம் நிமிடம், மணி, நாள்வாரியாக வந்த மாற்றக் கோப்புகளை (வரைபடத்தில் மாறியதை மட்டும் கொண்டவை) மட்டும் இறக்கி, ஆஸ்ம்கன்வர்ட் (osmconvert) என்ற இன்னொரு கருவியை வைத்துச் சேர்த்துவிடும். அதனால் அதுவும் உங்கள் கணினியில் இருக்க வேண்டும்.

ஒரு நாட்டுக்கு மட்டும் வெட்டிய கோப்பு என்றால்தான் கவனம் தேவை. மாற்றங்கள் உலகம் முழுவதுக்குமானவை. அந்த நாட்டின் எல்லையைக் குறிக்கும் கோப்பையும் சேர்த்துத் தராவிட்டால் பெருவிலோ நார்வேயிலோ யாரோ புதிதாக வரைந்த தெருவும் உள்ளே வந்து உட்கார்ந்து, கோப்பு வீங்கிக்கொண்டே போகும். அப்புறம், புதியது சரியாகத் திறக்கிறதா என்று பார்க்கும்வரை பழையதை அழிக்காதீர்கள்.