ஆளுநர் நாற்காலியில் உட்காராமலே ஒரு மத்திய வங்கியை நடத்தியவர் உண்டா?

உண்டு. ருமேனியாவின் எவ்ஜெனியு கரடா (1836–1910). ஆளுநர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வங்கி வரலாறு படிப்பவர்கள் பலர். அதில் அவர் பெயர் கிடைக்காது. பட்டியல்களோடு எனக்குள்ள மனத்தாங்கலே அதுதான்.

கிராயோவாவில் பிறந்தவர். பத்திரிகையாளர், தாராளவாதத் தலைவர் யோன் பிரத்தியானுவின் நெருங்கிய கூட்டாளி. 1866இல் நாட்டை ஆண்ட இளவரசர் கூசாவைப் பதவியிறக்கிய சதியில் பங்கு கொண்டவர். ருமேனிய தேசிய வங்கி 1880இல் பெல்ஜிய வங்கியை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்தது. மூலதனம் 3 கோடி லெய் (ருமேனிய நாணயம்; ஒருமையில் லியூ). மூன்றில் ஒரு பங்கு அரசுடையது, மீதி தனியாருடையது.

விஷயம் நிர்வாக அமைப்பில்தான் இருக்கிறது. ஆளுநரை நியமிப்பது அரசு. இயக்குநர்கள் அறுவரில் நால்வரைப் பங்குதாரர்களே தேர்ந்தெடுப்பார்கள். அமைச்சரவை கவிழ்ந்தால் ஆளுநர் நாற்காலி ஆடும்; பங்குதாரரின் இயக்குநரை அரசு தொட முடியாது. கரடா ஆளுநர் பதவியை மறுத்துவிட்டு, 1883 முதல் இறக்கும்வரை இயக்குநராகவே இருந்தார். 1888இல் பிரதமர் பிரத்தியானு வீழ்ந்து பழமைவாதிகள் வந்தார்கள். 1890இல் அவர்களுடைய தெயோதோர் ரொசெத்தி ஆளுநரானார். கரடா அசையவில்லை.

அவர் காலத்தில் வங்கிக்கு இருந்த பெரிய தலைவலி தங்கத்தின் மேல் ஏறிய வட்டம், அதாவது நோட்டு கொடுத்துத் தங்கம் வாங்கும்போது முகமதிப்புக்கு மேல் தர வேண்டிய கூடுதல் தொகை. 1867 நாணயச் சட்டப்படி ஒரு லியூ என்பது 0.3226 கிராம் தங்கம் அல்லது 835/1000 தரத்தில் 5 கிராம் வெள்ளி. ஜெர்மனி தங்கத்துக்கு மாறிய பிறகு உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் சட்டம் வைத்த விகிதமோ மாறவில்லை. நோட்டைக் கொடுத்தால் வங்கி வெள்ளியைத் தரலாம். வெளிநாட்டுக் கடனையும் இறக்குமதியையும் தங்கத்தில்தான் அடைக்க வேண்டும். அதனால் தங்கம் நாட்டைவிட்டு ஓடியது. 1880களின் நடுவில் வட்டம் 15 விழுக்காட்டைத் தாண்டியது. நோட்டை அதிகம் அச்சடித்ததுதான் காரணம் என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். நோட்டு எந்த உலோகமாக மாறுகிறது என்பதைப் பார்க்காமல் சொல்லும் பேச்சு அது. 1890இல் தங்கம் மட்டுமே அடிப்படை என்றானது. நோட்டுகளுக்கு ஈடாக வங்கி வைத்திருக்க வேண்டிய உலோகக் கையிருப்பும் மூன்றில் ஒன்றிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தது. வட்டம் பிறகு மறைந்தது.

"முதல் ஆளுநர் கம்பினேயானுவை மறந்துவிட்டீர்களே" என்று கேட்கக்கூடும். மறக்கவில்லை; 1880 முதல் 1888 வரை அவர் செய்தது சிறிய வேலை அல்ல. வங்கியைக் கரடா தாராளவாதக் கட்சியின் கோட்டையாக்கினார் என்ற பழியிலும் உண்மை உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1899–1901 நெருக்கடியில் கஜானா வறண்டு, 1901இல் அரசு தன் பங்குகளை விற்று வெளியேறியபோதும் நோட்டு தங்கமாக மாறிக்கொண்டேதான் இருந்தது.